அப்பாவின் பவர் வீல்சேர்: கடைக்கு மூன்று நட்சத்திரம்

நியூ ஜெர்சி எடிசன் பக்கம் ஒரு மருத்துவ உபகரணக் கடை, பெயர் வேண்டாம். ஸ்ட்ரோக் வந்து அப்பாவுக்கு வலது கை, கால் விழுந்த பிறகு மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) மூலம் பவர் வீல்சேர், அதாவது பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி, கொடுத்தது இவர்கள்தான். ஐந்துக்கு மூன்று போடுகிறேன். அதில் இரண்டு, வண்டி கொண்டுவந்த தம்பிக்கு.

மெடிகேரில் இந்த மாதிரி உபகரணங்களைப் பார்த்துக்கொள்ளும் பார்ட் பி இந்த வண்டியைக் கொடுப்பது வீட்டுக்குள் நடமாட. எங்கள் டாக்டர் பாவம், நல்ல மனதோடு "கோயிலுக்கும் கடைக்கும் போக முடியவில்லை" என்று எழுதிவிட்டார். கடையில் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் மெடிகேரின் முன் அனுமதிக்கு அனுப்ப, போன வேகத்தில் திரும்பி வந்தது. தினமும் இதே வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியாதா? நேரில் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் கவுன்ட்டரில் இருந்த அம்மா விவரம் சொன்னார்: கட்டிலிலிருந்து டாய்லெட்டுக்குப் போவது, குளிப்பது, சாப்பிட வருவது, இதெல்லாம் கைத்தடியோ வாக்கரோ வைத்து ஏன் முடியாது, சாதாரண வீல்சேரை ஒற்றைக் கையால் ஏன் தள்ள முடியாது, நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கான பேட்டரி ஸ்கூட்டர் ஏன் சரிவராது என்று டாக்டர் நேரில் பார்த்து ஒவ்வொன்றாக எழுத வேண்டுமாம். பார்த்த ஆறு மாதத்துக்குள் ஆர்டரும் எழுதியாக வேண்டும். அப்படியே எழுதி வாங்கினோம், அனுமதி வந்தது.

வந்த தம்பி முதல் வேலையாக டேப்பை எடுத்து பாத்ரூம் கதவை அளந்தார். 26 அங்குலம், வண்டி 24. அப்பாடா என்று இருந்தது. ஆனால் வண்டியை ஓட்டும் பிடியான ஜாய்ஸ்டிக் வலது பக்கம்! வலது கை வராது என்று படிவத்தில் நாலு இடத்தில் இருக்கிறது. அவர் முகம் சுளிக்காமல் வாசலிலேயே உட்கார்ந்து, ஆலன் கீயால் கழற்றி இடது பக்கம் மாட்டி, தொங்கிய ஒயரைச் சீட்டுக்கு அடியில் இழுத்துக் கட்டினார். அப்புறம் அப்பாவை ஹாலில் மூன்று சுற்று ஓட்டவிட்டார். சோபா ஒரு இடி வாங்கியது.

செலவு என்று பார்த்தால், வருடாந்திர டிடக்டிபிள் (முதலில் நாமே கட்டும் தொகை) போக 80 சதவீதம் மெடிகேர், 20 நம் பக்கம். மொத்தமாக வாங்குவதில்லை, 13 மாத வாடகை, அதன்பின் வண்டி அப்பாவுக்கே சொந்தம். வாடகைக் காலத்தில் ரிப்பேர் கடையின் பொறுப்பு. மெடிகேர் நிர்ணயித்த தொகைக்கு மேல் கேட்காத கடையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இவர்கள் கேட்கவில்லை, மூன்றாவது நட்சத்திரம் அதற்கு.

போன் மட்டும் எடுக்கவே மாட்டார்கள். டாக்டர் குறிப்பின் நகலோடு நேரில் போய் நில்லுங்கள்.