தடா பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்குக் கூப்பிட்டால், கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பையன் ஒருவன் வந்தான். "அண்ணா, தடா தாண்டி ஒரு கம்பெனில பேக்கிங் வேலையாம். மாசம் பதினாலாயிரம், பஸ்ஸும் அவங்களே விடுறாங்களாம். போகலாமா?" என்று கேட்டான். கையில் ஒரு நோட்டீஸ். அதில் இருந்த ஏஜென்சிப் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கீழே இருந்த செல் நம்பர் எனக்கு மனப்பாடம். 2024 ஜூனில் என்னைக் கூப்பிட்டதும் அதே நம்பர்தான். அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் ஆரம்பாக்கத்துக்காரர்கள். ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் தடா, அது ஆந்திரா. எங்கள் பக்கம் பாதிப் பேருக்குத் தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு. ஆனால் பேச மட்டும்தான் வரும், படிக்க வராது. எனக்கும் அப்படித்தான்.

அந்த ஜூனில் ஏஜென்சி ஆள் என்னிடம் பதிவுக் கட்டணம் என்று 2,000 ரூபாய் வாங்கினார். ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் நகல், இரண்டு போட்டோ. நியமனக் கடிதம் கேட்டேன். "அதெல்லாம் ஒரு மாசம் போகட்டும் தம்பி" என்றார். பாதுகாப்பு ஷூவுக்கு 700, ஹெல்மெட்டுக்கு 250 முதல் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். அந்தப் பிடித்தமே சட்ட விரோதம் என்று எனக்கு அப்போது தெரியாது. அன்றைக்கு நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம், 1948-ன் 114-ஆம் பிரிவின்படி, நிர்வாகம் தரவேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது.

முதல் மாதம் நிஜமாகவே பேக்கிங்தான். ஜூலை 10 அன்று சம்பளம் ஏறியது. சம்பளச் சீட்டு வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் 'இஎஸ்ஐ 560' என்று இருந்தது. இஎஸ்ஐ என்றால் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. 14,000 ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாய். வேலை கொடுப்பவரின் பங்கு 3.25 சதவீதம், அது 455. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், சரியாக 560 வரும். அவர்கள் கட்டவேண்டியதையும் என் சம்பளத்திலேயே பிடித்திருந்தார்கள். உங்கள் சீட்டை இப்போதே எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஜூலை முதல் வாரத்தில் ஒருநாள் மாலை சூப்பர்வைசரிடமிருந்து மெசேஜ். "இன்னைக்கு நைட் பிரஸ் ஷாப்புக்கு வந்துடு, ஆள் கம்மி." பிரஸ் மெஷினை அதுவரை நான் தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி. ஏற்கெனவே அங்கே இருந்த ஒருவர் ஐந்து நிமிடம் செய்து காட்டினார். சின்னத் தகட்டை எடுத்து டைக்குள், அதாவது அச்சுக்குள், வைக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும், மேல்பகுதி இறங்கி அடித்துவிட்டு ஏறும், பீஸை எடுத்துவிட்டு அடுத்த தகட்டை வைக்க வேண்டும். பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

மெஷினுக்கு முன்னால் இடமும் வலமுமாக இரண்டு பச்சைப் பொத்தான்கள் இருந்தன, தூசி படிந்து. அவற்றை ஏன் யாரும் தொடுவதில்லை என்று நான் கேட்கவில்லை. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டையும் அழுத்தினால்தான் மெஷின் அடிக்க வேண்டும். கை இரண்டும் பொத்தானில் இருக்கும்போது டைக்குள் எப்படிப் போகும்? அந்தப் பாதுகாப்பைக் கழற்றிவிட்டுத்தான், எண்ணிக்கை கூட வரவேண்டும் என்று பெடலைக் கொடுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் சென்சார் கம்பங்களும் இருந்தன. நடுவில் கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சார் அது. அதில் ஒரு விளக்கும் எரிந்து நான் பார்த்ததில்லை. எரிய வேண்டும் என்பதே பிறகுதான் தெரிந்தது.

என் முகத்துக்கு நேரே ஒரு மஞ்சள் பலகையும் இருந்தது, தெலுங்கு எழுத்தில். பத்தொன்பது ராத்திரி அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். பத்தொன்பதாம் ராத்திரி, மூன்றரை மணி இருக்கும், ஒரு தகடு டைக்குள் கோணலாக உட்கார்ந்துவிட்டது. அதை நேராக்க வலது கை ஆள்காட்டி விரலை உள்ளே விட்டேன். கால் பெடலில் இருந்தது. முதலில் வலி தெரியவில்லை. கையுறையின் நுனி தட்டையாகிப் போயிருந்ததைத்தான் பார்த்தேன்.

பிறகு ஒருநாள் நண்பனிடம் அந்தப் பலகையின் போட்டோவைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். "சேதுலு லோபல பெட்டவத்து." கைகளை உள்ளே வைக்காதே. வாயால் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

அப்புறம் நடந்ததுதான் இந்தப் பதிவின் முக்கியமான பகுதி. ஆம்புலன்ஸ் வரவில்லை. ஏஜென்சியின் வேனில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பும் முன்னே சூப்பர்வைசர் ஜன்னல் வழியாகக் குனிந்து, "ஆஸ்பத்திரில பைக் செயின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லு தம்பி. மெஷின்னு சொன்னா போலீஸ் கேஸாயிடும், உனக்குத்தான் அலைச்சல். செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார். வலியில் இருப்பவனுக்கு அது ஆறுதல் வார்த்தை மாதிரித்தான் கேட்கும். நான் சொல்லிவிட்டேன். டாக்டரும் எழுதிவிட்டார், பைக் செயின் என்று. அந்த இரண்டு சொல்லை அழிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

உங்களிடம் இப்படி யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் "கம்பெனியில், மெஷினில், இத்தனை மணிக்கு" என்றே சொல்லுங்கள். சீட்டில் அப்படியே எழுதியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

என் மனைவிக்கு விஷயம் தெரிந்தது பஸ் டிரைவர் சொல்லித்தான். ஏஜென்சியிலிருந்து ஒரு போன்கூட இல்லை. அப்போது நடைமுறையில் இருந்த மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், 1979, ஒரு மாநிலத்தில் ஆள் எடுத்து இன்னொரு மாநிலத்தில் வேலைக்கு வைக்கும் கான்ட்ராக்டருக்குத் தெளிவான கடமையை வைத்திருந்தது. பலத்த காயம் ஏற்பட்டால் இரண்டு மாநில அதிகாரிகளுக்கும் குடும்பத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வேலை விவரம் எழுதி, போட்டோ ஒட்டிய பாஸ்புக்கும் (பேங்க் பாஸ்புக் இல்லை) கொடுத்திருக்க வேண்டும். நாங்கள் நாற்பது பேர் போனோம், ஒருவர் கையிலும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஒரு வாரம் கழித்துக் கட்டோடு கம்பெனி கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி உள்ளே கேட்டுவிட்டு வந்து, "நீங்க கான்ட்ராக்டர் ஆளு, அவங்ககிட்ட போங்க" என்றார். ஏஜென்சியில், "நாங்க ஆள் அனுப்பறதோட சரி. மெஷின் அவங்களுது, பாதுகாப்பும் அவங்க பொறுப்பு. பேக்கிங்குக்கு அனுப்பின ஆள் பிரஸ்ஸுக்கு எதுக்குப் போனே?" என்றார்கள். என் மேலேயே திருப்பிவிட்டார்கள். நான் யார் ஆள் என்று சொல்ல அன்றைக்கு இரண்டு இடத்திலும் ஒருவர் இல்லை.

இரண்டு பேர் சொன்னதும் பொய். அன்றைய தொழிற்சாலைகள் சட்டத்தில் 'தொழிலாளி' என்ற சொல்லுக்குள்ளேயே கான்ட்ராக்டர் மூலம் வந்தவரும் அடக்கம். பயிற்சி, மேற்பார்வை, மெஷினுக்குத் தடுப்பு எல்லாம் அவருக்கும் சேர்த்துத்தான். இஎஸ்ஐ சட்டத்தில் பணம் கட்டும் முதல் பொறுப்பு கம்பெனியுடையது. அது பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் கம்பெனி தர வேண்டியிருந்தது. ஏஜென்சிக்காரரும் லைசென்ஸ் எடுத்து, வேலை அட்டை கொடுத்து நடத்த வேண்டியவர். ஆள் அனுப்புவதோடு அவர் வேலை முடிந்துவிடாது. என்னை எந்த மெஷினில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஒருநாள் வந்து பார்த்திருந்தால், அந்த விளக்கு எரியாததை அவராவது கண்டுபிடித்திருப்பார்.

அடுத்து ஏஜென்சியில் ஒரு பேப்பரை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் 15,000 ரூபாய். தெலுங்கில் டைப் செய்திருந்தது. "வாங்கினதுக்கு ரசீது மாதிரி, அவ்வளவுதான்" என்றார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அதே நண்பன்தான் படித்துச் சொன்னான். சொந்த வண்டியால் ஏற்பட்ட காயம், கம்பெனிக்கும் ஏஜென்சிக்கும் சம்பந்தமில்லை, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இருந்ததாம். வீட்டில் அன்றைக்கு அரிசி வாங்கவும் காசில்லை. மனைவிதான் போட வேண்டாம் என்றாள்.

இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் போய்க் கேட்டபோதுதான் இன்னொன்று வெளியே வந்தது. என் பெயரில் இஎஸ்ஐ நம்பர் போட்டிருந்தது விபத்து நடந்து இரண்டு நாள் கழித்து. வேலையில் சேர்ந்த தேதியும் அதே தேதி. ஜூனில் இருந்து பிடித்த பணம் எங்கேயும் கட்டப்படவில்லை. அங்கே ஒரு அம்மா பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னார். வேலைக் காயத்துக்கு இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, முதல் நாளே அடிபட்டாலும் உண்டு, ஆனால் வேலையில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றார்.

என்னிடம் இருந்ததெல்லாம் சில்லறைச் சாமான். ஜூலை 10 அன்று ஏஜென்சி கணக்கிலிருந்து சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட். 560 பிடித்த அந்தச் சீட்டு. பிரஸ் ஷாப்புக்குக் கூப்பிட்ட மெசேஜ். கேட் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் எடுத்த ஒரு செல்ஃபி, சேர்ந்த முதல் வாரம் மனைவிக்கு அனுப்பியது. அதுதான் கடைசியில் பெரிய உதவி, தேதியோடு போனிலேயே இருந்தது. கூட வேலை செய்த இருவர் எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒருவருக்கு அதற்காகவே வேலை போயிற்று. அவர் பெயரை எழுத முடியாது, ஆனால் அவரை நாங்கள் மறக்க மாட்டோம்.

விபத்துப் பற்றி வேலை கொடுப்பவர் இஎஸ்ஐக்கு 24 மணி நேரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தகவல் போக வேண்டும். என் விஷயத்தில் இரண்டும் போகவில்லை. ஆய்வாளருக்கு நானே மனு கொடுத்தேன். முதலில் நம்ம பக்கம் போய் நின்றுவிட்டு ஒரு நாளை வீணாக்கினேன். தொழிற்சாலை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில அதிகாரியிடம்தான் போக வேண்டும், நினைவில் வையுங்கள்.

எட்டு மாதம் கழித்து, வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் என்ற கணக்கில் பணம் வந்தது. மருத்துவ வாரியம் விரலைப் பார்த்தது. ஆள்காட்டி விரலில் ஒரு கணு போனால் சம்பாதிக்கும் திறனில் 9 சதவீத இழப்பு என்று சட்ட அட்டவணையிலேயே இருக்கிறது. அந்தக் கணக்கில் மாதாமாதம் ஒரு சின்னத் தொகை, ஆயுள் முழுக்க. சம்பளம் 21,000-க்கு மேல் போய் இஎஸ்ஐக்குள் வராதவர்களுக்கு 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. அதிலும் கான்ட்ராக்டர் ஆளுக்காகக் கம்பெனியிடம் நேரே கேட்க முடிந்தது.

2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. நியமனக் கடிதம் எல்லாருக்கும் கட்டாயம் என்று அதில் இருக்கிறது. பாதுகாப்புச் சாதனத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்பதும் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் முன்பு 20 பேர் இருந்தாலே பொருந்தும், இப்போது 50 பேர் இருந்தால்தான். நாற்பது பேரை வைத்து நடத்துகிற சின்ன ஏஜென்சிகள்தான் எங்கள் பக்கம் அதிகம், அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது.

தெருப் பையனிடம் நான் போகாதே என்று சொல்லவில்லை. அவன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். கடிதம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறு, சேருகிற அன்றைக்கே கேட் முன்னால் ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பு, இஎஸ்ஐ நம்பர் என்ன என்று முதல் வாரமே கேள், பேக்கிங் தவிர வேறு எதில் நிறுத்தினாலும் எனக்குப் போன் பண்ணு என்றேன். ஏஜென்சியில் கடிதம் கேட்டானாம். ஒரு மாசம் போகட்டும் என்றார்களாம்.

ஷூ, ஹெல்மெட், பதிவுக் கட்டணம், அதிகமாகப் பிடித்த 455, எல்லாம் சேர்த்து 3,405 ரூபாய். அது இன்னும் வரவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள், போகிறேன். அதே ஏஜென்சியால் ஏமாந்த வேறு யாராவது ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டி பக்கம் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.