இறுகிப்போன போல்ட்டும் ஒடிந்த ஸ்டட்டும்: பல ஆண்டுப் பயன்பாட்டில் எனக்குக் கைகொடுத்தவை

திருமங்கலத்தில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒரு பழைய ஸ்பிளெண்டரையும், ஒரு மாருதி 800-ஐயும், சோழவந்தான் பக்கம் எங்கள் வயலில் ஓடும் டிராக்டரையும் பல ஆண்டுகளாக நானே பழுது பார்த்து வருகிறேன். இந்த வேலைகளில் நேரத்தை அதிகம் விழுங்குபவை துருவேறி இறுகிப்போன போல்ட்டுகள்தான். ஒரு புஷ்ஷை மாற்ற அரை மணி நேரம் போதும், ஆனால் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்ற அரை நாள் போய்விடும். இதற்கென்றே வாங்கிய கருவிகளில் சில ஒவ்வொரு வேலையிலும் கைக்கு வருகின்றன, சில பெட்டியின் அடியிலேயே கிடக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணம் முதலில் போக வேண்டியது நல்ல அறுகோண சாக்கெட்டுகளுக்கும், சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவருக்கும், நேரம் போக வேண்டியது எண்ணெயை ஊறவிடவும் சூடு காட்டவும், ஒடிந்த போல்ட் என்றதும் கடைக்காரர் எடுத்து நீட்டுகிற ஈஸி அவுட்டை (ஒடிந்த துண்டில் துளையிட்டுச் செருகித் திருப்பும் கூம்புக் கருவியை) எல்லா வழியும் அடைபட்ட பிறகே தொட வேண்டும்.

மதுரை வறண்ட ஊர், கடற்கரை ஊர்களைப் போல் இங்கே துரு இராது என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. வாட்டர் சர்வீசில் அழுத்தமாகப் பீய்ச்சப்படும் தண்ணீர் மரைக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. வாடிப்பட்டி, சோழவந்தான், மேலூர்ப் பக்கத்து நெல் வயல்களில் தொளி அடிக்கும் டிராக்டர்களில் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரத்தின் போல்ட்டுகள் சேற்றிலேயே கிடந்து காய்கின்றன. இராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் ஓடிவிட்டு இங்கே விற்பனைக்கு வரும் பழைய கார்களின் அடிப்பாகத்தைப் பார்த்தாலே உப்புக்காற்று என்ன செய்யும் என்பது விளங்கும். இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரு மடங்குக்கும் மேலாகிறது. மரைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய சந்தில் விரிய இடமில்லாத அந்தத் துரு, ஆப்பு அடித்ததுபோல் நட்டைப் பூட்டிவிடுகிறது. அலுமினியத்துக்குள் இறங்கும் எஃகு போல்ட்டின் கதை வேறு. ஈரம் சேர்ந்தால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடந்து, அலுமினியம் வெள்ளைப் பொடியாகி மரையை அடைத்துக்கொள்ளும். இந்த இரண்டாவது வகைக்கு எண்ணெய் அவ்வளவாக உதவாது, சூடுதான் உதவும் என்பது இத்தனை காலப் பயன்பாட்டில் எனக்கு உறுதியாகியிருக்கிறது.

எண்ணெய்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டபிள்யூடி-40 என் கொட்டகையில் எப்போதும் இருக்கும். 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்ட அந்தத் திரவம், அந்த வேலையை இன்றும் மிக நன்றாகச் செய்கிறது. பழைய துருவுக்குள் ஊடுருவும் வேலையில் அதற்கு நடுத்தர மதிப்பெண்தான் தருவேன். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதியாகக் கலந்து விடுவது அதைவிட ஆழமாக இறங்குகிறது. ஆனால் இரண்டும் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும், பெயின்ட்டிலும் பிளாஸ்டிக்கிலும் படக்கூடாது, பக்கத்தில் நெருப்பே இருக்கக்கூடாது. எதை விட்டாலும், முதலில் வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, மாலையில் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை விட்டு, போல்ட்டின் தலையில் சுத்தியலால் சில அடிகள் தட்டி வைத்தால், காலையில் வேலை பாதியாகக் குறைகிறது. அந்தத் தட்டலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். துருவில் விரிசல் விழுந்தால்தான் எண்ணெய் உள்ளே போக வழி கிடைக்கும்.

சாக்கெட் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பன்னிரு முனை சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும் போல்ட் தலையின் மூலைகளில் மட்டுமே அழுத்துகின்றன. அறுகோண சாக்கெட் மூலையைவிட்டுச் சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் அழுத்துவதால், துருவால் சிறுத்துப்போன தலையையும் உருட்டிவிடாமல் பிடிக்கிறது. எட்டாம் நம்பரிலிருந்து பத்தொன்பதாம் நம்பர் வரை தரமான அறுகோண சாக்கெட்டுகளும் அவற்றைத் திருப்ப டொமி ராடு என்னும் நீளமான கைப்பிடிக் கம்பியும் இருந்தால், பிடித்துக்கொண்ட போல்ட்டுகளில் பெரும்பாலானவை ஒடியும் நிலைக்கே போகாது. மதுரை வெளி வீதிகளிலுள்ள ஹார்டுவேர் கடைகளில் இவற்றைத் தனித்தனியாகவும் வாங்கலாம். நாற்பது உருப்படி கொண்ட மலிவான பெட்டியைவிட, அடிக்கடி தேவைப்படும் ஐந்தாறு சாக்கெட்டுகளை நல்ல தரத்தில் வாங்குவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

இம்பாக்ட் டிரைவரின் அருமை ஸ்பிளெண்டரின் கிளட்ச் கவரைத் திறந்தவர்களுக்குத் தெரியும். உள்ளே ஆயில் ஃபில்டர் மூடியைப் பிடித்திருக்கும் ஸ்டார் ஸ்க்ரூக்கள் சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு அசைவதில்லை. அழுத்தித் திருப்பினால் முனை மேலேறி வழுக்கி, பள்ளத்தைத் தேய்த்துவிடுகிறது. ஜப்பானிய வடிவமைப்பிலிருந்து வந்த வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் என்னும் ஜப்பானிய அளவீட்டில் செய்யப்பட்டவை. கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் முனை அவற்றின் அடிவரை போய் உட்காராது. அதற்குரிய முனையைப் பொருத்தி, டிரைவரைக் கழற்றும் திசைக்கு முறுக்கிப் பிடித்து, ஒரு கிலோ சுத்தியலால் நேராக ஓர் அடி கொடுத்தால், கீழ்நோக்கிய அந்த அழுத்தத்தோடேயே முனை திரும்புவதால் வழுக்க இடமில்லை. பெரும்பாலும் இரண்டாவது அடியிலேயே ஸ்க்ரூ இளகிவிடுகிறது. பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்சும் என்னிடம் உண்டு. டிராக்டர் வேலைக்கு அது சிறந்தது, ஆனால் ஆறு மில்லிமீட்டர் போல்ட் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

இனி, எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும்: கையின் உணர்வு. ஸ்பேனரை அழுத்தும்போது போல்ட் சிறிது முறுகி, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பினால், எஃகு இன்னும் தன் மீள்தன்மைக்குள் இருக்கிறது என்று பொருள். ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்து, அதன்பின் கிறீச்சிட்டுக்கொண்டு திரும்பினால் துரு உடைந்துவிட்டது. சத்தமே இல்லாமல், கையில் எதிர்ப்புக் கூடாமல், மெழுமெழுவென்று ஸ்பேனர் நகர்ந்தால் உடனே நிறுத்த வேண்டும். போல்ட்டின் கழுத்து முறுகுகிறது, இன்னும் கால் சுற்றில் ஒடியும். துரு உடைந்த பிறகும் ஒரே மூச்சில் திருப்பாமல், கால் சுற்றுக் கழற்றி, அதில் பாதி திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்ற வேண்டும். அப்படிச் செய்தால் உதிர்ந்த துருத்தூள் மரையில் சிக்காமல் வெளியேறும். இத்தனைக்கும் முன்னால் மரையின் திசையைத் தெரிந்துகொள்வது அவசியம்; யமஹா பைக்குகளின் வலது கண்ணாடித் தண்டுக்கும், பழைய லாரிகள் பலவற்றின் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கும் வலப்பக்கம் திருப்பினால் கழலும் இடம்புரி மரை இருக்கிறது.

சூடு காட்டுவதைப் பற்றி நிறையவே சொல்லலாம். எஃகைக் காட்டிலும் அலுமினியம் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். எட்டு மில்லிமீட்டர் ஸ்டட் (தலையில்லாமல் இரு முனையிலும் மரையுள்ள போல்ட்) இறங்கியிருக்கும் அலுமினிய சிலிண்டர் ஹெட்டை 200 டிகிரி அளவுக்குக் கூடுதலாகச் சூடாக்கினால், ஸ்டட்டும் அதே சூட்டுக்கு வந்துவிட்டால்கூட, துளை அதைவிட ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் அதிகமாக விரியும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த இடைவெளி, வெள்ளைப் பொடியின் பிடியைத் தளர்த்தப் போதுமானது. ஆகவே சுடரைக் காட்ட வேண்டியது ஸ்டட்டுக்கு அல்ல, அதைச் சுற்றியுள்ள உலோகத்துக்கு. அலுமினியம் உருகும் 660 டிகிரியை நெருங்கும்போதும் இரும்பைப் போல் சிவந்து எச்சரிக்காது என்பதால், கை டார்ச்சின் சிறு சுடரைச் சுற்றிச்சுற்றிக் காட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் சுரீரென்று தெறிக்கும் நிலை வந்த சிறிது நேரத்திலேயே நிறுத்திவிடுகிறேன். சூடாக இருக்கும் மரையின் விளிம்பில் ஒரு மெழுகுவர்த்தித் துண்டை வைத்தால், உருகிய மெழுகு சந்துக்குள் தானாகவே இழுக்கப்பட்டு இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆறும்போது அதுவே உயவாக நின்றுவிடுகிறது. லாக்டைட் என்னும் மரைப் பசையில் சிவப்பு நிற வகையைப் போட்டு இறுக்கிய போல்ட்டுக்கும் சூடுதான் வழி. 250 டிகிரி அளவில் அந்தப் பசை இளகும். சுடரை எடுக்கும் முன் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி அப்புறப்படுத்துவதையும், தெளித்த எண்ணெயைத் துடைப்பதையும், பக்கத்திலுள்ள பிரேக் ஹோஸ், ஆயில் சீல் மீது ஈரச் சாக்கைப் போடுவதையும் ஒருபோதும் தவிர்க்கக்கூடாது.

இவ்வளவு செய்தும் சில ஒடியத்தான் செய்யும், முக்கியமாகச் சைலன்சர் ஸ்டட்டுகள். ஒடிந்த முனை சிறிது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு வாஷரையும் நட்டையும் வைத்து, நட்டின் துளைக்குள் வெல்டு நிரப்பி எடுப்பதே இதுவரை நான் கண்ட முறைகளில் மிகச் சிறந்தது. திருப்புவதற்கு ஒரு புதுத் தலை கிடைப்பதோடு, வெல்டின் சூடு ஸ்டட்டின் உள்ளே வரை போய்த் துருவின் பிடியையும் உடைத்துவிடுகிறது. எஃகு வெல்டு அலுமினியத்தோடு ஒட்டாது என்பதால், முனை ஹெட்டின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தாலும், கொஞ்சம் கொஞ்சமாகப் பொட்டு வைத்து உலோகத்தை மேலே வளர்த்துக்கொண்டு வரலாம். வார்ப்பிரும்பில் அந்த வசதி கிடையாது. நான் வழக்கமாகப் போகும் வெல்டிங் பட்டறை அண்ணன், நட்டு செக்கச்செவேலென்று இருக்கும்போதே ஸ்பேனரைக் கொண்டுபோனவர்களிடம், “செவப்பு அடங்கட்டும் தம்பி, அவசரப்பட்டுத் திருப்புனா மறுபடியும் ஒடிஞ்சுரும்” என்று சொல்லிவிட்டுத் தாமே காத்திருப்பார். சிவப்பு மங்கிக் கருத்த பின், இன்னும் தொட முடியாத சூட்டிலேயே மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் ஸ்டட் சுழன்று வந்துவிடுகிறது. வண்டியிலேயே வைத்து வெல்டு செய்வதென்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்கு மிக அருகில் மாட்ட வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் பிஎஸ்-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் மின்னணுப் பாகங்கள் அதிகம் என்பதால் இதில் சலுகையே இல்லை.

ஈஸி அவுட்டின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் எளியது. முழுத் தலையும் நீளமான ராடும் இருந்தபோதே அசையாமல் ஒடிந்த போல்ட்டை, அதன் நடுவில் துளையிட்டு மெலிந்த ஒரு கருவியைச் செருகித் திருப்ப முடியும் என்று எதிர்பார்க்கிறோம். கூம்பு வடிவம் என்பதால் அது உள்ளே போகப்போகப் போல்ட்டை விரித்து இன்னும் இறுக்குகிறது. கடினமாக்கப்பட்ட எஃகு என்பதால் வளையாமல் சட்டென்று முறிகிறது. முறிந்த துண்டைச் சாதாரண டிரில் பிட் கீறக்கூட முடியாது. அக்கம்பக்கத்தார் ஒருவர் இப்படி முறிந்த துண்டோடு கொண்டுவந்த சிலிண்டர் ஹெட்டைக் கப்பலூர்ப் பக்கத்தில் மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் இயந்திரம் வைத்திருந்த பட்டறையில் கொடுத்துத்தான் எடுக்க முடிந்தது. தலை மட்டும் வெட்டுப்பட்டுப் போய், மரையில் இறுக்கமே இல்லாத போல்ட்டுக்கு ஈஸி அவுட் நன்றாகவே வேலை செய்யும். துருவால் ஒடிந்ததற்கு வேண்டாம். அதற்குப் பதில் இடம்புரி டிரில் பிட்டுகளை வாங்குங்கள். அவை துளையிடும் திசையே கழற்றும் திசை என்பதால், துளைத்துக்கொண்டிருக்கும்போதே ஒடிந்த துண்டு பிட்டோடு சேர்ந்து சுழன்று வெளியேறிய சந்தர்ப்பங்கள் உண்டு.

எல்லாம் கைவிட்டால் முழுவதையும் துளைத்து எடுப்பதுதான் வழி. இதில் வெற்றியும் தோல்வியும் நடு மையத்தில் இருக்கிறது. ஒடிந்த முகத்தை அரத்தால் சமப்படுத்தி, சென்டர் பஞ்ச் என்னும் கூர்முனைக் கருவியால் நடுவில் குழி போட வேண்டும். துண்டு உள்ளே ஆழமாக இருந்தால், அதே மரை கொண்ட ஒரு புதுப் போல்ட்டை லேத் பட்டறையில் கொடுத்து நடுவில் நான்கு மில்லிமீட்டர் துளை போட்டு வாங்கி, ஒடிந்த துண்டின் மேல் அதை முடுக்கிவிட்டால், பிட் விலக முடியாது. மலிவான செலவில் இவ்வளவு பயன் தந்த உருப்படி என் பெட்டியில் வேறில்லை. பிறகு படிப்படியாகப் பெரிதாக்கி, எம்6 (ஆறு மில்லிமீட்டர்) மரைக்கு 5 மில்லிமீட்டரிலும், 1.25 பிட்ச் (மரை இடைவெளி) கொண்ட எம்8 மரைக்கு 6.8 மில்லிமீட்டரிலும் நிறுத்தி, மரை வெட்டும் டேப்பை விட்டு மரையைச் சுத்தம் செய்யலாம். மையம் விலகி அலுமினிய மரை போய்விட்டாலும் கவலைப்பட வேண்டாம். ஹெலிகாயில் என்னும் எஃகுச் சுருள் செருகிய மரைகள் என் வண்டிகளில் பல ஆண்டுகளாக நிற்கின்றன, வெறும் அலுமினிய மரையைவிட அவை உறுதியானவை என்றே சொல்வேன்.

திரும்பப் பூட்டும்போது துருப்பிடித்த பழைய போல்ட்டைப் போடுவதில்லை. சைலன்சர் ஸ்டட்டுகளுக்குக் காப்பர் கிரீஸ் மெல்லியதாகத் தடவுகிறேன். அப்படித் தடவியவை அடுத்த முறை சாதாரண ஸ்பேனருக்கே கழன்றன. உயவு இருந்தால் அதே முறுக்குக்கு போல்ட் அதிகமாக இழுபடும் என்பதால், முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சின் அளவை ஓரளவு குறைத்து வைக்க வேண்டும், தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்த எம்6 போல்ட்டுக்கு உலர்ந்த நிலையில் சுமார் 10 நியூட்டன் மீட்டரே போதும் என்னும்போது, கூடுதல் பலத்துக்கு அங்கே இடமே இல்லை. சக்கர நட்டுகளுக்கு மட்டும் எந்தக் கிரீஸும் போடுவதில்லை. அவற்றின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்த நிலையிலேயே உரிய அளவுக்கு இறுக்கி, சிறிது தூரம் ஓடிய பின் ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறேன்.