கல்லோயா போட் சபாரி என்று காசு வாங்கி வேறு குளத்தில் இறக்குகிறார்கள், கவனம்

வெளிநாட்டில் இருந்து வரும் சொந்தக்காரரை பாசிக்குடா, அறுகம்பே தாண்டி எங்காவது கூட்டிப்போக நினைக்கும் மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். கல்லோயா தேசியப் பூங்காவில் போட் சபாரி என்று முகநூலில் விளம்பரம் போடுகிறார்கள். வட்ஸ்அப்பில் பேசி முற்பணம் வாங்குகிறார்கள். பிறகு பூங்காவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குளத்தில் மீன்பிடி வள்ளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். இந்தக் கச்சான் காலத்தில் எங்கள் குடும்பத்துக்கு நடந்தது இது.

கனடாவில் இருந்து அத்தான் குடும்பம் வந்திருந்தது. பிள்ளைகளுக்கு யானை பார்க்க வேண்டும். யால என்றால் ஒரு சிறுத்தையைக் கண்டவுடன் வரிசையாக ஜீப் வந்து நின்றுவிடும். கல்லோயா அப்படி இல்லை. அங்கே சேனநாயக்க சமுத்திரத்தில் போட்டில் போய்த்தான் யானை பார்ப்பது. நாட்டிலேயே பெரிய நீர்த்தேக்கம் அது, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் கட்டியது. அதைச் சுற்றியுள்ள காட்டை 1954இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். மார்ச்சில் இருந்து ஜூலை வரை போனால், யானைகள் தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தீவுக்குத் தீவு நீந்துவதைக் காணலாம். மாத்தறை, கொழும்பு ஆட்களுக்கே பெரிதாகத் தெரியாத இடம். எங்களுக்கோ விடியப் புறப்பட்டால் காலைச் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேரலாம்.

விளம்பரம் போட்டவர் மரியாதையாகத்தான் கதைத்தார். “டிக்கெட், போட், கைட் எல்லாம் இந்தக் காசுக்குள்ள வந்துரும் அண்ணன், நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம்” என்றார். ஆனால் அடையாள அட்டை வைத்திருக்கும் எங்களுக்கும் வெளிநாட்டு டிக்கெட் விலையையே போட்டிருந்தார். கேட்டதற்கு, குழுவாகப் போனால் எல்லாருக்கும் ஒரே ரேட் என்றார். இது சுத்தப் பொய். வனஜீவராசிகள் திணைக்களப் பூங்காக்களில் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு. ஒரே வாகனத்தில் வந்தாலும் ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் டிக்கெட். அதைச் சொன்ன பிறகு எங்கள் பங்கைக் கொஞ்சம் குறைத்தார். அரைவாசியை வங்கியில் போட்டோம்.

அம்பாறை டவுனில் மோட்டார் சைக்கிளில் ஒரு பொடியன் காத்திருந்தான். மிச்சக் காசை அங்கேயே வாங்கிக்கொண்டு, “பின்னால வாங்க” என்று முன்னால் போனான். பூங்கா ஒபிஸ் இருக்கும் இங்கினியாகலைக்குப் போகிற பாதையை விட்டு அவன் வயல் பக்கம் திரும்பியபோதே வான் சாரதி முணுமுணுத்தார். ஒபிஸில் சனம் கூட, டிக்கெட் எல்லாம் எடுத்தாயிற்று, இது குறுக்குப் பாதை என்றான் அவன். போய் நின்ற இடத்தில் ஒபிஸும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. கரையில் வலை காய்ந்துகொண்டிருந்தது.

வள்ளத்தைப் பார்த்ததும் மச்சாள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டா. அடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். பாதியாக வெட்டிய எண்ணெய்க் கான் ஒன்றால் வள்ளக்காரர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். இத்தனை பேருக்கு லைஃப் ஜாக்கெட் இரண்டே இரண்டு, அதில் ஒன்றுக்கு வார் இல்லை, கயிற்றால் கட்டியிருந்தது. அத்தானுக்கு நீச்சல் தெரியாது, சின்னவளுக்கு ஐந்து வயது. டிக்கெட்டைக் காட்டு என்றேன். பொடியன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். அதில் போன வருடத் திகதி.

வள்ளக்காரர் வயதானவர், சிங்களவர். எங்கள் சாரதி சிங்களத்தில் கேட்டதற்கு ஒன்றையும் மறைக்கவில்லை. இது சேனநாயக்க சமுத்திரம் இல்லை, இங்கே யானை அந்தியில் எப்போதாவது தண்ணீர் குடிக்க வரும், தனக்கு ஒரு சுற்றுக்கு இவ்வளவுதான் தருகிறார்கள் என்றார். அவர் சொன்ன தொகை, நாங்கள் ஒரு பிள்ளைக்குக் கட்டியதில் கால்வாசி கூட வராது. அந்த மனிசன் மேல் எனக்குக் கோபமே இல்லை.

நாங்கள் ஏறவில்லை. அந்தக் கதைக்குள் பொடியன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஏஜென்டுக்கு அடித்தால், “யானை வாறது எங்கட கையில இல்லையே அண்ணன்” என்கிறார். யானையைப் பற்றி யார் கேட்டது? பூங்காவைக் காணோம் என்கிறேன். பிறகு நம்பரையே பிளாக் பண்ணிவிட்டார்.

அதே வானில் இங்கினியாகலைக்கு விட்டோம். ஒபிஸ் திறந்துதான் இருந்தது, சனமும் இல்லை. ஆனால் காலைப் போட்டுகள் புறப்பட்டுவிட்டன. பிள்ளைகளை அணைக்கட்டில் நிறுத்தி தண்ணீரைக் காட்டிவிட்டுத் திரும்பினோம். மறுநாள் அவர்களுக்குக் கொழும்புப் பயணம்.

போகிறவர்கள் முதலே இங்கினியாகலை வனஜீவராசிகள் அலுவலகத்தோடு கதைத்து, போட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். இடையில் யாரைப் பிடித்தாலும், அன்றைய திகதி போட்ட டிக்கெட் கையில் வரும்வரை மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள். போனில் காட்டும் படம் டிக்கெட் இல்லை. ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இல்லாத வள்ளத்தில் பிள்ளைகளை ஏற்றவே வேண்டாம், எவ்வளவு காசு கட்டியிருந்தாலும் சரி.

வங்கிச் சிட்டையையும் குரல் பதிவுகளையும் வைத்துப் பொலிஸில் முறைப்பாடு போட்டிருக்கிறோம். நுகர்வோர் அதிகாரசபைக்கும் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லியாயிற்று. விளம்பரம் வேறு பெயரில் இன்னும் ஓடுகிறது, படங்கள் அதே படங்கள்தான். இதே மாதிரி காசு கட்டினவர்கள் இருந்தால் சிட்டையை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்போம்.