மாமியின் வெற்றிலைப் பையும் பற்றரி விசிறியும்: 7 வருட ஹைபிறிட் அனுபவம்

போன கிழமை கல்முனையில் இருக்கும் கூட்டாளி ஒருவன் கேட்டான்: "மச்சான், இறக்குமதியும் திறந்திட்டாங்க. உன்ட கார் மாதிரி ஒண்டு எடுக்கலாமா?" 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்ததிலிருந்து ஊரில் எல்லோருக்கும் இதே யோசனைதான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. 2 நாளுக்கு முன்புதான் ஒரு முழுப் பகலைக் கராஜ் வாங்கில் கழித்திருந்தேன். "வாங்காத" என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினேன். பிறகு யோசித்தால் அது நியாயமாகப் படவில்லை. அதனால்தான் இந்தப் பகிர்வு.

கார், ஜப்பானில் ஓடி ரீகண்டிஷனாக வந்த 1500 சிசி ஹைபிறிட் செடான், அதாவது பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வகை. 2018இல் எடுத்தது. என் கையில் மட்டும் 1,20,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. மொடலின் பெயரை வேண்டுமென்றேதான் விடுகிறேன். சொன்னால் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், மீதிப் பேர் "நான் அப்பவே சொன்னன்" என்பார்கள்.

கோபம் ஏறினால் நல்லது மறந்துபோகும், ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து கல்முனைக்கு வேலைக்குப் போய்வர நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர். கரையோர வீதி, ஏற்ற இறக்கம் இல்லை. ஆனால் காத்தான்குடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் ஊர்ந்துதான் போகவேண்டும். ஊரும்போது எஞ்சின் நின்று மோட்டாரில் போகும். லீற்றருக்கு 20 தருகிறது. 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாய்க்கு ஏறியதும், பிறகு கியூஆர் காட்டினால் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து ஊற்றியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். 20 லீற்றர், 400 கிலோமீற்றர், 5 வேலைநாள். எனக்கென்றே அளந்து ஊற்றினதுபோல் இருந்தது. பக்கத்து வீட்டு வான் புதன்கிழமையோடு படங்குக்குள் போய்விடும். அவர் என் காரை அந்த நாட்களில் பார்த்த பார்வைக்குத்தான் எங்கள் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினோம்.

ரேடியோவைப் பற்றி நிறையப் பேர் புலம்புவார்கள். என் காரின் ஜப்பான் ரேடியோவில் எஃப்எம் 76இல் தொடங்கி 90இல் முடிகிறது, நம் நிலையங்களில் பல அதற்கு மேலே. ஒரு சின்னப் பெட்டி பூட்டினால் தீர்ந்தது. சாவி போட்டதும் பேசும் ஜப்பான் அம்மாவைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. "ஈடிசி காடோ கா சோன்யூ சரேத்தே இமசேன்." அவர்கள் ஊர் நெடுஞ்சாலைச் சுங்க அட்டையைப் போடவில்லையாம். 7 வருடமாகச் சொல்கிறார். மகன் இப்போது அவருக்கு முன்பே சொல்லிவிடுகிறான்.

சரி, வாய்க்கு வருவோம். என் முழு வயிற்றெரிச்சலும் ஒரு வாயைப் பற்றித்தான்.

ஹைபிறிட்டின் பெரிய பற்றரி பின் சீற்றோடு ஒட்டி இருக்கிறது. அது சூடாகக் கூடாது. குளிர்விக்க ஒரு விசிறி உண்டு. அந்த விசிறி வெளிக் காற்றை எடுப்பதில்லை, நாம் குளிர்வதற்காகப் போட்ட ஏசிக் காற்றைத்தான் காருக்குள்ளிருந்து இழுக்கிறது. இழுக்கும் வாய் பின் சீற்றின் வலப்பக்கம், கதவோரம், உள்ளங்கையளவு பிளாஸ்டிக் சட்டம். என் காரில் அதற்கு வலை கிடையாது. காருக்குள் பறப்பது எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும்.

எங்கள் காருக்குள் என்னதான் பறக்காது? கல்லடிக் கடற்கரை மணல் ஒரு பக்கம். சனிக்கிழமைகளில் மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குப் போவோம், மனைவியின் மாமாவுக்கு அங்கே வயல். வேளாண்மை வெட்டுக் காலத்தில் வீதியோரமெல்லாம் நெல் காயும், வயல் வட்டைக்குள் வெட்டு மிஷின் ஊதித் தள்ளும் சப்பி, அதாவது பதர், கண்ணாடியைத் திறந்த உடனே உள்ளே வரும். ஆடி பிறந்தால் கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கும். மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குப் போய் வந்தால் மற்றக் கச்சான், நிலக்கடலை, கோதும் தோலுமாக.

இத்தனைக்கும் மேலே மாமி. மட்டக்களப்பில் கலியாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. அதாவது நான் இருப்பது மாமியின் வீட்டில், கார் நிற்பது மாமியின் போட்டிக்கோவில். பின் சீற்றின் வலது மூலையும் மாமிக்குரியது. "இஞ்சதான் மருமகன் காத்து வருது" என்பார். வருவதில்லை மாமி, போகிறது. அதைச் சொல்லி விளங்கவைக்க என்னால் முடியவில்லை. அவருடைய வெற்றிலைப் பை, தடித்த சிவப்புத் துணிப் பை, அந்த வாயில் சாய்ந்தபடியே 7 வருடம் பயணம் செய்தது. எடுங்கள் என்று சொல்ல நான் 2 தடவை வாயைத் திறந்ததுண்டு. 2 தடவையும் வேறு ஏதோ கேட்டு முடித்தேன்.

இந்த ஓகஸ்ட் விடுமுறையில் செங்கலடியால் ஏறிப் பதுளைக்குப் போனோம். லுணுகலைப் பக்கம் ஏற்றத்தில் பின்னாலிருந்து ஒரு இரைச்சல். முதலில் மெல்ல, மறுகா வண்டு அடைபட்டதுபோல. "யாரு மனே பின்னால மூச்சு வாங்குறது?" என்று மாமி பேரனைக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் கார் இழுக்கவில்லை. மீற்றரில் மஞ்சள் விளக்கும் கீழே ஒரு வரி ஜப்பான் எழுத்தும். வளைவு தாண்டி ஓரமாக நிறுத்தி, ஃபோன் கமெராவை அதன் மேல் பிடித்து, சிக்னலுக்குக் காத்திருந்து மொழிபெயர்த்தால், "ஹைபிறிட் அமைப்பைப் பரிசோதிக்கவும்." அந்த நேரம் பரிசோதிக்கக்கூடிய ஒரே ஆள் தேயிலைச் செடிக்குள் நின்ற மாடுதான். முக்கால் மணித்தியாலம் ஆறவிட்டு, மிச்சத் தூரத்தை ஓட்டோவுக்கும் வழிவிட்டு ஓட்டினேன்.

ஊருக்கு வந்து காட்டிய முதல் கராஜில் ஸ்கேனரைப் பூட்டி 5 நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்கள்: "பற்றரி செத்துட்டு. மாத்தத்தான் வேணும்." சொன்ன விலை லட்சங்களில். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. தெரிந்தவர் ஒருவர் வேறொரு மெக்கானிக் தம்பியிடம் அனுப்பினார், 25 வயது இருக்கும். அவன் ஸ்கேனரைத் தொடவில்லை. பின் கதவைத் திறந்து, முழங்காலில் இருந்து, டோர்ச்சை அந்த வாய்க்குள் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

செம்மஞ்சள் நிறப் பிளக்கைக் கழற்றி 10 நிமிடம் தொடாமல் காத்திருந்தான், உள்ளே மிச்ச மின்சாரம் இறங்கவேண்டுமாம். பிறகு சீற்றைத் தூக்கி விசிறியை வெளியே எடுத்தான். அணில் கூண்டு போன்ற உருளைச் சில்லு. இதழ்கள் தெரியவில்லை, நரைத்த கம்பளிபோல் ஒன்று சுற்றிலும் ஒட்டிக் கிடந்தது. கடதாசி விரித்துக் கிள்ளிக் கிள்ளிப் போட்டான். தலைமுடி, மணல், நெல்லுச் சப்பி, கச்சான் தோல், மகனின் கொப்பி லேபலில் பாதி, அதற்கும் மேலே சிவப்பு நூல். நூலைப் பார்த்ததும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பற்றரிக் கட்டைகளை இணைக்கும் செப்புத் தகடுகளும் பச்சை பூத்திருந்தன. கடற்காற்று. அவற்றையும் தேய்த்துப் பூட்டினான். பின்னேரம் 4 மணிக்குக் கார் புதுசுபோல் ஓடியது. கூலி 9,000 ரூபாய். இனி 6 மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவாருங்கள் என்றான். வாய்க்கு நைலோன் துணி கட்டலாமா என்று கேட்டேன், "அண்ணன், அதுக்குப் பேசாம மூக்கைப் பொத்துங்க" என்றான்.

நியாயமாகப் பேசினால் இது கார் செய்தவனின் பிழை மட்டுமல்ல. வாயை மறைக்காதே என்று கைநூலில் படத்தோடு போட்டிருக்கிறார்கள். படத்தில் மறைப்பது ஒரு சூட்கேஸ், எழுத்து ஜப்பான், நூல் 7 வருடமாக டாஷ்போர்டுக்குள். பற்றரி இவ்வளவு சித்திரவதைக்கும் சாகவில்லை, அதுவே பெரிய விஷயம். ஆனாலும், மனிதர் உட்காரும் இடத்தில், காலும் பையும் பிள்ளையும் உள்ள இடத்தில், ஒரு வலைகூட இல்லாமல் அந்த வாயை வைத்தவனை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏறுகிறது. ஒரு வலை என்ன விலை வந்துவிடப் போகிறது?

வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை, மகன் சொல்லிவிட்டான். மாமி ஒரு நிமிடம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு காரில் ஏறியதும் பையை மடியில் வைத்துக்கொண்டார். மனைவி தன் கைப்பையை அந்தப் பக்கம் தள்ளியதும் "எடுகா அதை, அதுவும் மூச்சு விடட்டும்" என்று அவளுக்கு ஏச்சு. எனக்கு 7 வருடம் வராத துணிச்சல்.

மதிப்பெண் கேட்டால், இன்றைக்கு 5க்கு 2. ஜூலையில் கேட்டிருந்தால் நாலரை தந்திருப்பேன். விற்கும் எண்ணம் இல்லை. கூட்டாளிக்கு என் பதில் இன்னும் "வாங்காத" தான், ஆனால் அவன் கேட்கப் போவதில்லை, ஏற்கெனவே 2 கார் பார்த்துவிட்டானாம். ஆகவே மச்சான், மீற்றரையும் பெயின்ரையும் பிறகு பார். முதலில் பின் கதவைத் திறந்து, முழங்காலில் இருந்து, வாய்க்குள் டோர்ச் அடி. கொழும்பில் மட்டும்தான் ஓடியது, ஒரே ஓனர், கிழமைக்கு ஒரு தடவை கோயிலுக்குத்தான் எடுத்தது என்று விற்கிறவர் சொல்லிக்கொண்டே இருப்பார். உள்ளே நெல்லுச் சப்பி தெரிந்தால், எந்த வட்டையில் இருக்கிறது அந்தக் கோயில் என்று கேள்.