ஆறு வருசமா ஓட்டுற N ஸ்கேல் மாடல் ரயில் டேங்கர் வண்டிங்க – நல்லதும் கெட்டதும்

வாங்கி ஆறு வருசம் ஆச்சு, இப்பத்தான் எழுத உக்காந்தேன். அமெரிக்கால 1920, 30கள்ல ஓடுன மேல ஒத்தைக் கொண்டை வச்ச எண்ணெய் டேங்கர் ரயில் வண்டியோட குட்டி மாடல், N ஸ்கேல், அதாவது நெசத்துல 160ல ஒரு பங்கு. நம்மூரு வண்டிய செய்யலாமேன்னு கேப்பீங்க. நம்ம பிராட்கேஜ் தண்டவாளத்தோட அகலம் 1676 மில்லிமீட்டர், 160ஆல வகுத்தா பத்தரை வருது, ஆனா N ஸ்கேல் தண்டவாளம் 9 மில்லிதான், சக்கரம் உள்ள ஒடுங்கிப்போயி நிக்கும், எனக்கு அது கண்ண உறுத்தும். அவங்களோடது 1435, கச்சிதமா உக்காந்துருது.

பழங்காநத்தத்துல மாடி ரூம்ல ஒரு பழைய கதவு மேல தண்டவாளம் போட்டதுதான் லேஅவுட். அதுல ஒம்பது டேங்கர். 39 அடி வண்டி இதுல ஏழரை சென்டிமீட்டர் கூட வராது. மேல எதுக்குப்பா கொண்டைன்னு மக கேட்டா. எண்ணெய் வெயில்ல விரியுமில்ல, அது ஏறி நிக்கத்தான் அந்த டோம், டேங்க் கொள்ளளவுல சுமார் 2 சதவீதம். மதுரை மே மாசம் பாத்தவளுக்கு அதுக்கு மேல வெளக்கம் தேவைப்படல.

இப்ப குறைக்கு வர்றேன். பெரிய தொல்லை எடை. உள்ள வெறும் கூடு, தண்டவாளம் பிரியுற பாயின்ட்ல ஏறுனா ஆடி ஆடி எறங்கிரும், பின்னாடி தள்ளுனா கேக்கவே வேணாம். அமெரிக்க மாடலர் சங்கம் சொல்ற கணக்கு அரை அவுன்ஸ், அதோட நீளத்துல ஒவ்வொரு இஞ்ச்சுக்கும் 0.15 அவுன்ஸ், அப்ப இந்த வண்டிக்கு 26, 27 கிராம் வரணும். வீட்ல இருக்கிற கிச்சன் தராசு இதுக்கெல்லாம் சரிப்படாதுன்னு தெற்காவணி மூல வீதில நகைப்பட்டறை வச்சிருக்கிற மச்சான்கிட்ட கொண்டுபோனேன், தங்கம் நிறுக்குற தராசுல தூக்கி வச்சாரு, 17 கிராம். "என்ன மாப்ள, இதுக்கு செய்கூலி சேதாரம் எவ்வளவு"ன்னு பட்டறையே சிரிக்குது. அப்பறம் தூண்டிலுக்குப் போடுற ஈயக்குண்டு வாங்கி, டேங்கோட முனைய கழட்டி உள்ள ஒட்டுனேன், ஒட்டாம விட்டா வளைவுல குலுக்கு சத்தம் வரும். இப்ப தடம் புரள்றது அநேகமா நின்னுருச்சு.

ரெண்டாவது சக்கரம். கூட வந்த பிளாஸ்டிக் சக்கரம் நம்மூரு புழுதிய அப்படியே வாரி வச்சுக்கும், மாசம் ஒருதடவ பிசுக்க சொரண்டி எடுக்கணும். மெட்டல் சக்கரம் மாத்துனேன், காசு கொஞ்சம் வலிக்கும், ஆனா ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும்னா இதச் செய்ங்க.

கைப்பிடிக் கம்பி எல்லா வண்டிலயும் தடியா வார்த்திருக்கான், கிட்டத்துல பாத்தா டேங்க சுத்தி குழாய் போட்ட மாதிரி இருக்கும். அத பிளேடால சீவிட்டு பழைய சார்ஜர் ஒயர்ல இருந்து ஒத்த செம்பு இழை எடுத்து வச்சேன். 0.2 மில்லி இழை நெச அளவுல ஒன்னேகால் இஞ்ச் கம்பி, சரியா பொருந்துது. ஒட்டுறதுல மட்டும் ஏமாந்துட்டேன், ஐப்பசி மழைல ஃபெவிக்விக் போட்டேன், மறுநாள் கறுப்பு டேங்க் மேல வெள்ளப்பூத்து நிக்குது. ஈரக்காத்துல அப்படித்தான் ஆகுமாம். இப்ப அஞ்சு நிமிசத்துல இறுகுற எபாக்சி பசை மட்டும்தான். அதே மாதிரி மே மாசம் பெயின்ட் தூவுற ஏர்பிரஷ்ல அக்ரிலிக் அடிச்சா நுனிலயே காஞ்சு அடைக்குது, விடிகாலைல அடிக்கணும்.

வண்டி மேல ஒட்டுற எழுத்துப்படலம், டீக்கல்னு சொல்வாங்க, அது நல்லா ஒழைக்குது. யூடிஎல்எக்ஸ்னு கடைசில எக்ஸ் வந்தா அது ரயில்வே கம்பெனி வண்டி இல்ல, தனியார் வண்டின்னு அர்த்தம், யூனியன் டேங்க் கார் கம்பெனியோடது. ரிவிட் மேல ஒட்டுறப்ப மட்டும் டீக்கல் இளக்குற திரவம் தடவிக்கங்க, இல்லாட்டி கூடாரம் போட்ட மாதிரி தூக்கி நிக்கும்.

புழுதி நெறத்துக்கு பூஜை ரூம் திருநீறத்தான் தொட்டு வண்டியோட அடிப்பக்கத்துல தேய்க்கிறேன், அம்மாவுக்கு இன்னும் தெரியாது. டோம்ல இருந்து வழிஞ்ச எண்ணெய்க் கறைக்கு கறுப்பு ஆயில் பெயின்ட், மேலேருந்து கீழ ஒரே இழுப்பு, ரெண்டாவது இழுத்தா கெட்டுரும்.

கடைசியா வாங்கின ஒன்னு ஏணி ஒடஞ்சு வந்துச்சு, வித்தவரு மெயிலுக்கு பதிலே காணோம். கஸ்டம்ஸ் கட்டுனதோட அதுவும் சேர்ந்து எரிச்சல். இப்ப அந்த ஏணியையும் செம்பு இழைல கட்டிக்கிட்டு இருக்கேன், ரெண்டு படி முடிஞ்சிருக்கு.