பாடப்புத்தகமா, ஒலிப்பெட்டியா, வாய்க்கதையா: வீட்டுக் கூட்டத்துக்கு எது ஒத்துவரும்?

வந்திருப்பவர்களில் பாதிப்பேர் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்கள். அப்படிப்பட்ட கிராமத்து வீட்டுக் கூட்டத்தில் வேதம் (பைபிள்) கற்றுக்கொடுக்க மூன்று வழி உண்டு: கேள்வி பதிலோடு வரும் பாடப்புத்தகம், ஒலி வேதாகமப் பெட்டி, வாய்மொழிக் கதை. நாங்கள் மூன்றாவதைத்தான் எடுத்தோம். ஆகவே இந்த ஒப்பீட்டில் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்.

பாடப்புத்தகத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வரிசை ஒழுங்காக இருக்கும், பிழை குறைவு. ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னதும், வாசிக்கத் தெரியாதவர் "கண்ணாடி கொண்டுவரல" என்பார். மூன்றாம் வாரம் ஆளே வரமாட்டார்.

ஒலிப்பெட்டியில் வசனம் எழுத்துப் பிசகாமல் வரும். பிரக்ளெய்மர் மாதிரியான பெட்டி வெயிலிலும் சார்ஜ் ஏறும், கைப்பிடியைச் சுற்றினாலும் ஏறும். சிக்கல் ஓடவிடுகிற விதத்தில்தான். அதிகாரத்துக்கு மேல் அதிகாரமாக விட்டால் ரேடியோ கேட்கிற மாதிரி ஆகிவிடும். ஓர் அதிகாரத்தோடு நிறுத்தி, கேட்டதைச் சொல்லவைக்க ஓர் ஆள் வேண்டும். 'திமிர்வாதக்காரன்' (பக்கவாதக்காரர்), 'ஆயக்காரர்' (வரி வசூலிப்பவர்) போன்ற சொற்களுக்கு அர்த்தம் சொல்லவும் அவரேதான்.

நாங்கள் பார்ப்பது ஒரே விஷயம்: வெள்ளிக்கிழமை கேட்டவர் அடுத்த வெள்ளிக்குள் அதை இன்னொருவருக்குச் சொல்கிறாரா? களையெடுக்கும்போது புத்தகத்தை விரிக்க முடியாது. பெட்டி ஊருக்கு ஒன்று. கதை மட்டும்தான் ஆளோடு வயலுக்குப் போகும்.

அதற்குக் கதை சின்னதாக இருக்க வேண்டும். தொடங்க மாற்கு 2:1–12 நல்லது, நாலுபேர் கூரையைப் பிரித்து ஒரு திமிர்வாதக்காரனை இயேசுவின் முன் இறக்கிய கதை: பன்னிரண்டு வசனம், சொல்ல மூன்று நிமிடம். வேதாகமம் மடியில் திறந்தே இருக்கட்டும். கதை முடிந்ததும் வேதாகமத்தை மூடிவிட்டுப் பேசினால், எது வசனம், எது நம் பேச்சு என்று கேட்பவருக்குப் பிரிந்து தெரியும். பிறகு ஒருவர் திருப்பிச் சொல்வார், மற்றவர்கள் திருத்துவார்கள்: "இல்லக்கா, கூரையைப் பிரிச்ச பிறகுதான் படுக்கைய இறக்குனாங்க." அதன்பின் இரண்டிரண்டு பேராக மறுபடி. கடைசியில் மூன்றே கேள்வி: கடவுளைப் பற்றி என்ன தெரிந்தது, நாம் என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்லப் போகிறீர்கள்? அடுத்த கூட்டம் அந்த மூன்றாம் கேள்வியின் பதிலோடுதான் தொடங்க வேண்டும். அதை விட்டால் எல்லாம் வெறும் கதை நேரம்.

பிசகும் இடங்களும் இதே கதையில் உண்டு. வசனத்தில் 'நாலுபேர்' என்றுதான் இருக்கிறது. இரண்டாம் வாரம் அவர்கள் 'நாலு நண்பர்கள்' ஆகிவிடுவார்கள். அது சின்னப் பிசகு. வேதபாரகர் (யூத வேத அறிஞர்கள்) மனசுக்குள் நினைத்ததை வாய்விட்டுச் சொன்னதாக மாற்றிவிடுவதுதான் பெரிய பிசகு. இயேசு அவர்கள் உள்ளத்தை அறிந்தார் என்கிற இடமே அதில் காணாமல் போகிறது. அதனால் நாலைந்து கதைக்கு ஒருமுறை பகுதியை அப்படியே ஒலிப்பெட்டியில் போட்டு, சேர்ந்ததையும் விட்டதையும் கூட்டமே கண்டுபிடிக்க வேண்டும். பெட்டிக்கு நாங்கள் கொடுக்கும் வேலை இதுதான்.

கதை சொல்பவர் ரொம்ப அசத்தினாலும் கெடும். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தஞ்சையில் செய்த காலட்சேபம் கலை, கேட்டு ரசிக்கலாம். இங்கே அபிநயமும் பாட்டும் ஏறினால், "நமக்கு இப்படி வராதுப்பா" என்று கேட்பவர் ஒதுங்கிக்கொள்வார். ஆகவே சுமாராகச் சொல்லுங்கள்.

வரிசையும் முக்கியம். பிலிப்பைன்ஸின் பலவான் தீவில் பணிசெய்த மிஷனரி டிரெவர் மெக்இல்வைன், வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்திலிருந்தே படிப்படியாகக் கற்பிப்பதை வலியுறுத்தினார். புதிதாக வருகிறவர்களிடம் சுவிசேஷக் கதையை மட்டும் எடுத்தவுடன் சொன்னால், ஏற்கெனவே கும்பிடும் சாமிகளின் வரிசையில் இயேசுவும் இன்னொருவராகச் சேர்ந்துவிடுவார். படைப்பும், மனிதன் பாவத்தில் விழுந்ததும், ஆபிரகாமும் முன்னால் வந்தால் இது குறையும்.

நிருபங்களில்தான், அதாவது வேதாகமத்தில் உள்ள கடிதங்களில்தான், எங்கள் கை இன்னும் பழகவில்லை. பிலிப்பியருக்கு வழி உண்டு: அப்போஸ்தலர் 16-இல் அதே பிலிப்பி ஊரில் நடக்கும் லீதியாள், சிறைச்சாலைக்காரன் கதைகளை முதலில் சொல்லிவிட்டு நிருபத்துக்குப் போகலாம். கலாத்தியர் 3, 4 மாதிரி வாதமாகவே போகும் பகுதியைக் கதையாக்கினால் வாதம் உதிர்ந்துவிடுகிறது. அங்கே பெட்டியில் நாலைந்து வசனம் போட்டு, நிறுத்தி, வாசிக்கத் தெரிந்த ஒருவர் விளக்குவதே இப்போதைக்குச் சரிப்படுகிறது.