அம்பாசிடருக்கு எந்த கேம் ஷாஃப்ட்? நான்கு வழிகள், ஒரு கார்

காரைக்குடிப் பக்கம் பழைய அம்பாசிடர் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் "பிக்கப் பத்தல" என்பதில் வந்து நிற்கும். உத்தரபாரா ஆலையில் 2014-இல் உற்பத்தியே நின்றுபோனது. இருக்கிற வண்டிகளைத்தான் காப்பாற்றி ஓட்டுகிறோம். அப்பச்சி வாங்கிய மார்க் 4 என்னிடம் இருக்கிறது. அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைப் பிரிக்க வேண்டி வந்தபோது, "பிரிக்கிறதுதான் பிரிக்கிறோம், நல்ல கேம் ஷாஃப்ட் ஒன்றைப் போட்டுவிடலாமே" என்று எனக்கும் தோன்றியது. வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டுதான் கேம் ஷாஃப்ட், சுருக்கமாகக் கேம். போட்டேன், கழற்றினேன், வேறொன்று போட்டேன். இப்போது தேவகோட்டைத் தம்பி ஒருவர் அதே கேள்வியோடு நிற்கிறார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு நிபந்தனை. கார்புரேட்டர், ஹெட், மேனிஃபோல்டு, பிஸ்டன் எல்லாம் கம்பெனி கொடுத்தபடியே இருக்கும் வண்டியைப் பற்றித்தான் பேசுகிறேன். கேம் மட்டும் மாறுகிறது. அப்படிப்பட்ட வண்டிக்கு நான்கு வழிகள் உண்டு: இருக்கும் கேமையே சரியாக உட்கார வைப்பது, 250 டிகிரியை ஒட்டிய மிதமான கேம், 270 முதல் 280 வரையிலான சூடான கேம், அதற்கும் மேலே பந்தய கேம்.

டிகிரி என்பது வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை (டியூரேஷன்) கிராங்க் சுழலும் கோணத்தில் சொல்லும் கணக்கு. நம் இன்ஜினும் பிரிட்டனின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் ஒரே பி-சீரீஸ் குடும்பம். எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினுக்குத் தொழிற்சாலையே வைத்த கேமில், பிஸ்டன் உச்சிக்கு வர 16 டிகிரி இருக்கும்போது காற்று உள்ளே வரும் இன்லெட் வால்வு திறக்கும்; அடியைத் தாண்டி 56 டிகிரியில் மூடும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு அடிக்கு வர 51 டிகிரி இருக்கும்போது திறந்து, உச்சியைத் தாண்டி 21-இல் மூடும். நடுவில் உள்ள 180-ஐயும் சேர்த்துக் கூட்டினால் இரண்டுக்குமே 252 டிகிரி. இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் ஓவர்லாப் 37 டிகிரி. ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் வைத்து விற்றவர்களே 252-இல் நின்றார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டியூரேஷனைவிட நான் முதலில் பார்ப்பது இன்லெட் வால்வு மூடும் நேரத்தை. வால்வு மூடிய பிறகுதான் பிஸ்டன் காற்றை உண்மையில் அழுத்தத் தொடங்குகிறது. நம் இன்ஜினின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மிமீ, கனெக்டிங் ராடு நீளம் 165.1 மிமீ. கம்ப்ரஷன் (உள்ளே வந்த காற்று அழுத்தப்படும் விகிதம்) 8-க்கு 1 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 45 டிகிரியில் மூடும் சாதாரணக் குடும்பக் கார் கேமில், குறைந்த வேகத்தில் கிடைக்கும் நிஜமான கம்ப்ரஷன் 7.2. எம்ஜிபி மாதிரி 56-இல் மூடினால் 6.8. சூடான கேம் 70-இல் மூடினால் 6.1. பழைய இன்ஜினில் கம்ப்ரஷன் ஏற்கெனவே குறைவு. அதிலும் இவ்வளவு போனால் கீழ் வேகத்து இழுவை எங்கிருந்து வரும்? வேகம் ஏறிய பிறகு, உள்ளே வரும் காற்றின் உந்துதல் இந்த இழப்பை ஈடுகட்டும். ஆனால் ஸ்ரீராம் நகரிலிருந்து பெரியார் சிலைக்குப் போவதற்குள் அந்த வேகம் எப்போது வரும்?

இரண்டாவது சங்கதி பி-சீரீஸ் ஹெட்டுக்கே உரியது. 1-ம் 2-ம் சிலிண்டர்களுக்கு ஒரே இன்லெட் வழி, 3-க்கும் 4-க்கும் இன்னொன்று. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1-3-4-2 என்பதால், ஒரே வழியைப் பகிரும் சிலிண்டர்கள் 180 டிகிரி இடைவெளியில் ஒன்றையடுத்து ஒன்று மூச்சு இழுக்கும். 230 டிகிரி குடும்பக் கார் கேமில் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே வாயிலில் இழுப்பது 50 டிகிரி. 252-இல் அது 72. 280-இல் 100. ஒரு சிலிண்டரின் பங்கை மற்றது பிடுங்கிக்கொள்ளும் நேரம் அப்படியே இரட்டிப்பாகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வழி இருக்கும் இன்ஜினில் 270 கேம் பிரமாதமாக ஓடியது என்று யாராவது சொன்னால் நம்புங்கள். ஆனால் அதை நம் வண்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

இருக்கும் கேமையே வைத்துக்கொள்வதை யாரும் ஒரு வழியாகவே கருதுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. வயதான டைமிங் செயின் நீண்டுபோனால் கேம் பின்தங்கி ஓடும். இன்லெட் பல டிகிரி தாமதமாக மூடும். அதாவது, கேட்காமலேயே கீழ் இழுவையை இழந்த கேம் ஒன்று உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருக்கலாம். புதுச் செயினைப் போட்டு, டிகிரி வீல், டயல் கேஜ் என்ற அளவுக் கருவிகளை வைத்துக் கேமைச் சரியான இடத்தில் நிறுத்தி, வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்தள்ளும் டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸ் வேலை செய்கிறதா என்று பார்த்தாலே வண்டி வேறு மாதிரி போகும். கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் வாரம் இரண்டு முறை போய் வரும் வண்டிக்கு இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

மிதமான கேமுக்கும் சூடான கேமுக்கும் நடுவில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறினேன். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் என் பழைய கேமை 280 டிகிரிக்கு ரீகிரைண்ட் செய்து (மறுபடி தீட்டி வடிவத்தை மாற்றி) கொடுத்தார்கள். இன்ஜினின் நிலவரம் எதையும் அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திருச்சி ரோட்டில் மூன்றாவது கியரில் நீட்டி மிதித்தபோது உண்மையிலேயே நன்றாக இருந்தது. 3500 ஆர்பிஎம்முக்கு மேல் முன்பு மூச்சுத் திணறிய இன்ஜின் இன்னும் கொஞ்சம் ஏறியது. அந்த மகிழ்ச்சி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஐடிலிங்கை உயர்த்தி வைத்தாலொழிய, வண்டியை நிறுத்தினால் இன்ஜின் அணைந்துவிடும் என்ற நிலை. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டியைக் கேட்டார்கள். நாதஸ்வரக்காரர்களின் நடைக்குப் பின்னால், முதல் கியரில், கால்மணி நேரம் ஊர்ந்து போக வேண்டும். வண்டி குலுங்கிக் குலுங்கி இரண்டு முறை அணைந்தது. உள்ளே பட்டுச்சட்டையோடு வியர்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அப்பச்சியின் வண்டிக்கு நான் அதைச் செய்திருக்கக் கூடாது.

பிறகு போட்டதுதான் 250-ஐ ஒட்டிய மிதமான கேம். டாப் கியரில் எழுபதில் போகும்போது நம் இன்ஜின் சுமார் 2500 ஆர்பிஎம்மில் இருக்கிறது. ஊருக்குள் அதற்கும் கீழே. மிதமான கேம் அந்த இடத்தில் அவ்வளவாகக் கை வைப்பதில்லை. 3000-லிருந்து 4500 வரை கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கிறது. லாரியை முந்த மூன்றாவது கியருக்கு இறக்கும்போது அந்தக் கொஞ்சம் தெரிகிறது. ஐடிலிங் பழையபடி அமைதி. சித்திரை வெயிலில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டிக் கூட்டத்தில் நின்று நின்று போனேன், ஒருமுறையும் அணையவில்லை. சூடான கேம் மேலே தந்தது இதைவிட அதிகம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வேகத்தில் நான் ஓட்டும் நேரம் மாதத்துக்குப் பத்து நிமிடம்கூட வராது.

270 கேம் யாருக்குச் சரி? கம்ப்ரஷனை 9-க்கு மேல் ஏற்றி, ஹெட்டில் வழிகளைத் திறந்து, இரட்டைக் கார்புரேட்டர் போடத் தயாராக இருப்பவருக்கு. அப்போது அது ஒரு முழு இன்ஜின் திட்டம், கேம் அதில் ஓர் உறுப்பு. கேமை முதலில் போட்டு, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றால் அந்தப் "பிறகு" வரும்வரை வண்டி அவதிப்படும்.

பந்தய கேமைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்து அதற்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. ஆனால் அது 6000 ஆர்பிஎம்மில் வாழப் பிறந்தது. நம் 1489 சிசி இன்ஜினின் கிராங்க் மூன்றே மெயின் பேரிங்கில் நிற்கிறது, ஸ்ட்ரோக்கும் நீளம். 6000-இல் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 17.8 மீட்டர். பழைய கிராங்கையும் பழைய பிஸ்டனையும் அங்கே தினமும் அனுப்பக் கூடாது.

ரீகிரைண்டா, புதுசா என்ற கேள்வி தனி. ரீகிரைண்டில் லோபின் (வால்வைத் தள்ளும் கேமின் முட்டை வடிவப் புடைப்பு) அடிவட்டத்தைச் சிறிதாக்கித்தான் லிஃப்ட்டை, அதாவது வால்வு திறக்கும் உயரத்தை, கூட்டுகிறார்கள். நம் இன்ஜினில் புஷ் ராடும் ராக்கரில் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவும் இருப்பதால் அந்த வித்தியாசத்தை ஓரளவு சரிக்கட்டிவிடலாம். கவலை வேறு இடத்தில்: மேலே இருக்கும் கடினமான தோல் தேய்ந்து போயிருந்தால் லோப் சீக்கிரம் வட்டமாகிவிடும். கிரைண்ட் செய்த பிறகு மறுபடி கடினப்படுத்துவார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் புது கேமுக்குப் போய்விடுங்கள். மிதமான லோப் வடிவத்துக்குக் குறைவாகத்தான் கிரைண்ட் செய்ய வேண்டும் என்பதால் அங்கே ரீகிரைண்ட் பொருத்தமானது. என் இரண்டாவது கேம் அப்படி வந்ததுதான். கடை சொல்லும் டிகிரி எந்த லிஃப்ட்டிலிருந்து அளந்தது என்பதையும் கேளுங்கள். வால்வு அசையத் தொடங்குவதிலிருந்து அளந்த எண்ணும், 50 தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) லிஃப்ட்டிலிருந்து அளந்த எண்ணும் பல பத்து டிகிரி வேறுபடும்.

இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரையும் ஆயில் பம்பையும் ஓட்டுவது கேம்தான். ஆகவே கேமை உருவ இன்ஜினை இறக்கி, சம்ப், ஆயில் பம்ப், டைமிங் செயின் எல்லாம் கழற்ற வேண்டும். இரண்டு முறை அந்தக் கூலியைக் கொடுத்தவன் நான். புது கேமுக்குப் பழைய டேப்பெட் (லோபின் மேல் உட்கார்ந்து ஏறி இறங்கும் துண்டு) போடவே கூடாது. எட்டும் புதிதாக இருக்கட்டும். லிஃப்ட் கூடியிருந்தால், முழுத் திறப்பில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். டேப்பெட் கிளியரன்ஸும் கை பழகிய 15 தௌவாக இருக்க வேண்டியதில்லை, கேம் கொடுத்தவர் சொல்லும் அளவுதான் கணக்கு.

ஸ்டார்ட் செய்யும் நாளில் அவசரம் வேண்டாம். லோபிலும் டேப்பெட் அடியிலும் அசெம்ப்ளி கிரீஸ் தடவி, துத்தநாகம் அதிகமுள்ள 20டபிள்யூ-50 எண்ணெய் ஊற்றுங்கள். இப்போதைய கார்களுக்கான மெல்லிய எண்ணெய்களில், துத்தநாகத்தோடு சேர்ந்தே வரும் பாஸ்பரஸை 800 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்திவிட்டார்கள். தட்டையான டேப்பெட்டுக்கு அது போதாது. ரேடியேட்டர் நிறையத் தண்ணீர், இக்னிஷன் டைமிங் முன்கூட்டியே சரி, பெட்ரோல் கார்புரேட்டர் வரை ஏறியிருக்க வேண்டும். வண்டி பிடித்ததும் ஐடிலிங்கில் விடாமல் 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி இருபது நிமிடம் அங்கேயே வைத்திருங்கள். குறைந்த வேகத்தில் லோபுக்கு எண்ணெய் தெறிப்பது போதாது. அந்த இருபது நிமிடம் மெக்கானிக்கை டீக்குக்கூட அனுப்பாமல் பக்கத்தில் நிறுத்தி, எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அந்த எண்ணெயை வடித்துவிட்டுப் புது எண்ணெயும் ஃபில்டரும் போட்டோம்.